நீல வாய்க்கால் திருட்டு

என் வீட்டுக்காரர் திருடன்தான்னு நிரூபிக்க நான் நாய் படாத பாடு பட்டேன். சிரிக்காதீங்க. மத்த பொம்பளைங்க எல்லாம் விசாரணைக்குப் போனா, "என் புருஷன் பூச்சியைக்கூட மிதிக்க மாட்டாரு"ன்னு அழுவாங்க. நான் போனது, "ஐயா, இந்த மனுஷன் திருடினாரு, பக்கத்துல நின்னு வாளி தூக்கினது நான், எழுதிக்குங்க"ன்னு சொல்ல. புகார் குடுத்த கம்பெனி வக்கீலோ, "இல்லவே இல்லை, இவர் தங்கமான மனுஷர்"ன்னு எனக்கு எதிரா வாதாடினாரு. உலகத்துல எங்கேயாவது இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா? எங்க தெருவுல நடந்துச்சு.

எங்க தெருவுக்குப் பின்னாடி மலை. மலைக்குள்ள செம்புச் சுரங்கம். கம்பெனிக்காரங்க மலையைக் குடைஞ்சு, கல்லைப் பொடிச்சு, உலையில காய்ச்சி, எடுக்கிற வரைக்கும் எடுத்தாங்க. கல்லுல செம்பு குறைஞ்சதும் பூட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு ஆபீசை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. ஏன்னா சுரங்கத்தை மூடலாம், அதுல இருந்து வர்ற தண்ணியை எப்படி மூடுறது? பழைய குகை வாசல்ல இருந்து மழை வெயில் பார்க்காம ஒழுகும். எங்க கொல்லைப்புறத்தை ஒட்டி வாய்க்காலா ஓடும். நீலம்னா அப்படி ஒரு நீலம். வெளியூர் ஆளுங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. அதுல மீன் கிடையாது, தவளை கிடையாது, கொசுகூட முட்டை போடாது. அந்த ஒரு விஷயத்துக்காக கம்பெனிக்கு நன்றி சொல்லணும்.

அந்தத் தண்ணி ஊறித்தான் எங்க கிணறு. குடிச்சா நாக்குல காசு வெச்ச மாதிரி இருக்கும். கொஞ்சம் கூடுதலாக் குடிச்சா குமட்டும். நாங்க பழகிட்டோம். ஆனா என் மக மாசமா இருந்தா. பிரசவத்துக்கு என்கிட்ட வரணும்னு அவளுக்கு ஆசை, எனக்குப் பேராசை. சம்பந்தியம்மாதான் குறுக்க நின்னாங்க. "உங்க பொண்ணு, உங்க ஆசை, நான் தடுக்கலை. ஆனா பச்சைக் குழந்தைக்கு அந்தத் தண்ணியா? உங்க தெருவுக்குக் குழாய்த் தண்ணி வரட்டும், நானே கொண்டுவந்து விடுறேன்"ன்னாங்க. அந்தம்மா சொன்னது நியாயம். அதனாலதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அநியாயமாப் பேசியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

குழாய் கேட்டு தெருவே மனு போட்டிருந்தது. தண்ணியில செம்பு இருந்தா, மலைக்கு அந்தப் பக்கத்து ஏரியில இருந்து கம்பெனி தன் செலவுல குழாய் போட்டுத் தரணும், அதுதான் சட்டம். கம்பெனியும் ஒவ்வொரு தடவையும் தண்ணியைப் பாட்டில்ல எடுத்துட்டுப் போய் சோதிச்சு, "செம்பு இல்லை"ன்னு பதில் அனுப்பும். அப்ப அந்த நீலம்? "வானத்தின் பிரதிபலிப்பு." மழை நாள்ல வானம் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கும், எங்க வாய்க்கால் மட்டும் நீலமா பிரதிபலிச்சுக்கிட்டு ஓடும். அதுவும் போதாதுன்னு வாய்க்காலுக்குள்ளேயே ஒரு போர்டு நட்டாங்க. "இந்த நீர் பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது."

ஒரு காலையில அந்த போர்டு குப்புற விழுந்து கிடந்துச்சு. இரும்புக் காலைத் தண்ணி தின்னுடுச்சு.

அதைத் தூக்கிட்டு வந்தது என் கொழுந்தன். அவனுக்குத் தெருவுல பேரு ஐடியா. வேலைன்னு எதுவும் கிடையாது, ஐடியாதான். போர்டுக் காலோட அடிப்பக்கம் கரைஞ்சு ஊசியாப் போயிருந்துச்சு, அதைச் சுத்தி செக்கச்செவேல்னு சேறு அப்பியிருந்துச்சு. "அண்ணி! இரும்பு செம்பா மாறிடுச்சு! நாம பணக்காரங்க!"ன்னு குதிச்சான்.

என் மக பள்ளிக்கூடத்துல வேதியியல் டீச்சர். போன்ல கேட்டேன். "மாறல்லாம் இல்லம்மா. உலோகங்களுக்கு ஒரு வரிசை இருக்கு. சண்டைக்காரன் முன்னாடி, சாது பின்னாடி. சோடியம் தண்ணியைப் பார்த்தாலே எகிறும். தங்கம் கடைசியில, என்ன பண்ணாலும் அசையாது. இரும்பு நடுவுல, செம்பு அதுக்கும் கீழ. செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பைப் போட்டா, பஸ்ஸுல உக்காந்திருக்கிறவனை எழுப்பிட்டு தான் உக்காருவான் பாரு ஒருத்தன், அந்த மாதிரி இரும்பு கரைஞ்சு உள்ள போயிடும். செம்பு எழுந்து வெளிய வந்துடும்"ன்னா.

"அப்ப தண்ணியில செம்பு இருக்கு?"

"இருக்கும்மா. அதைத்தானே இத்தனை நாளா கத்துறோம்."

என் வீட்டுக்காரர் இரும்புப் பட்டறை வெச்சிருக்கிறவர். இரும்புக் கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. வெட்டினது போக மிஞ்சின துண்டெல்லாம் பட்டறை மூலையில மலையாக் குவிஞ்சு கிடக்கும். அதை வாய்க்கால்ல போட்டா என்னன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மரப்பலகையில தொட்டி அடிச்சு, வரிசையா இறக்கி, தண்ணியைத் தொட்டிக்குத் தொட்டி திருப்பிவிட்டாங்க. துண்டு இரும்பு, பழைய கட்டில் ஸ்பிரிங், பால்பவுடர் டப்பா, எல்லாம் உள்ள போச்சு. சில நாள்ல இரும்பு மேல சிவப்புத் தோல் படியும். கம்பியால கிளறிவிட்டா உதிர்ந்து அடியில சேறாத் தங்கும். அள்ளி, அலசி, காயவெச்சு, பழைய வயர் உருக்கிற உலைக்காரர்கிட்ட குடுத்தா அவரு கட்டியா வார்த்துக்குவாரு. மலையை உடைச்சு கம்பெனி எடுத்த பொருளை நாங்க பால்பவுடர் டப்பாவை வெச்சு எடுத்தோம். எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துடுச்சு, பொய் சொல்வானேன்.

ஐடியா சும்மா இருப்பானா? "அண்ணி, பளபளன்னு இருக்கிற இரும்புல செம்பும் பளபளன்னு வரும்"னு சொல்லி என் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் தொட்டியில போட்டுட்டான். அது ஊறுச்சு ஊறுச்சு, ஊறிக்கிட்டே கிடந்துச்சு. ஒரு பொட்டு சிவப்பு இல்லை. எவர்சில்வர் தோல் அப்படி, தண்ணியை உள்ள விடாதாம். "உன்னை மாதிரிடா, எவ்வளவு சொன்னாலும் உள்ள ஏறாது"ன்னு திட்டிட்டு டப்பாவை எடுத்துத் தேய்ச்சு அடுக்குல வெச்சேன்.

மாட்டினது எப்படின்னு கேளுங்க. கேட்டு செய்றவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செஞ்ச எல்லாத்துலயும் கடைப் பேரும் போன் நம்பரும் போட்ட தகடு ஒண்ணை வெச்சு ஒட்டிடுவாங்க. நாலு பேர் பார்த்து ஆர்டர் குடுப்பாங்கன்னு. என் வீட்டுக்காரருக்கு அது பழக்கம் இல்லை, வியாதி. எங்க கட்டில்ல தகடு உண்டு. துணி காயப்போடுற கம்பத்துல உண்டு. மனுஷன் தொட்டிங்களைத் தாங்குற சட்டத்துலயும் பளிச்சுனு பெயின்ட் அடிச்சு ஒண்ணு வெச்சிருக்காரு. எனக்குத் தெரியாது. கம்பெனி வாட்ச்மேன் அதைப் பார்த்துட்டு அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கான்.

"வாய்க்கால்ல இருக்கிற தொட்டி நீங்க செஞ்சதா?"

"ஆமா சார், நம்ம வேலைதான். கீழ்ப்பக்கம் இன்னும் அகலமாக்கூட செஞ்சு தரலாம். உங்களுக்கு எப்ப வேணும்?"

கொட்டேஷனே குடுத்துட்டாரு. திருடன் கொட்டேஷன் குடுத்து நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

மறுநாளே கம்பெனி புகார். "எங்கள் வாய்க்கால் நீரில் உள்ள செம்பைத் திருடினார்." நிரூபணமானா ஜெயில், பட்டறைக்குப் பூட்டு.  மக வயித்துப் பிள்ளைக்காரி, அப்பன் ஜெயில்லன்னு சம்பந்தியம்மாகிட்ட எந்த மூஞ்சியோட பேசுறது? தகட்டை வெச்ச கையை ஒடிக்கணும்னு அவரைப் புரட்டி எடுத்தேன்.  ஐடியா குறுக்க வந்து, "தகடு நல்லா இருந்துச்சு அண்ணி, எழுத்து தெளிவா இருந்துச்சு"ன்னான்.

அப்பதான் கம்பெனி வக்கீல் வீட்டுக்கு வந்தாரு. கையில பிஸ்கட் பாக்கெட். வக்கீல் பிஸ்கட்டோட வந்தா யோசிக்க வேணாமா? ஆனா அப்ப எனக்குப் பயத்துல எதுவும் ஓடலை.

"பாருங்கம்மா, சின்ன விஷயம். உங்க வீட்டுக்காரர் ஏதோ பழைய வயரைத் தொட்டியில ஊறப்போட்டாரு, செம்பு அதுல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லிடட்டும். நாங்க புகாரை வாபஸ் வாங்கிடுறோம். எல்லாரும் சந்தோஷமா இருக்கலாம்"ன்னாரு.

"செம்பு தண்ணியில இருந்துதானே சார் வந்துச்சு?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு, பாவம், வெள்ளந்தியா.

வக்கீல் முகம் ஒரு நொடி சுருங்குச்சு. "அப்படிச் சொல்லாதீங்க. தண்ணியில செம்பு இல்லைன்னுதானே நாங்க..." சொல்ல வந்தவர் நிறுத்திட்டு பிஸ்கட்டைப் பிரிச்சு எங்களுக்கே நீட்டினாரு.

என் மண்டையில அப்பதான் பல்பு எரிஞ்சுச்சு. யாரோ அவசரக்குடுக்கை புகாரை எழுதித் தள்ளிட்டான். எங்களைத் திருடன்னு சொன்னா தண்ணியில செம்பு இருக்குன்னு ஆயிடும். செம்பு இருக்குன்னு ஆனா குழாய் போட்டாகணும். குழாய் வந்தா என் மக வருவா! திருடன் பட்டம் எங்களுக்கு வேணும், அவங்களுக்கு வேணாம். வக்கீலை, "யோசிச்சுச் சொல்றோம் சார்"ன்னு அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"என்னங்க, நீங்க திருடினதா ஒத்துக்கணும்."

"ஜெயில்டி."

"தெரியும்."

"பட்டறை போயிடும்."

"தெரியுங்க."

 அந்த மனுஷன் ஒரு ஆணியைக்கூட அடுத்தவன் பட்டறையில இருந்து எடுத்ததில்லை. கடைசியில, "மக வரட்டும்"னு மட்டும் சொன்னாரு.  கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவர் மேல அவ்வளவு ஆசை எனக்கு வந்ததே இல்லை.

விசாரணை கம்பெனியோட பழைய கேன்டீன் ஹால்ல. சுரங்கம் ஓடின காலத்துல போட்ட நீள மேஜைங்க, தரையோட திருகி வெச்சது. தெருவே வந்து உக்காந்துடுச்சு. விசாரணை அதிகாரி ஜலதோஷத்தோட வந்திருந்தாரு. மூக்கைச் சிந்திட்டு, "திருடினீரா?"ன்னாரு.

"திருடினேன் சார்."

வக்கீல் துள்ளி எழுந்தாரு. "ஐயா, இவர் தன்னடக்கத்துல பேசுறாரு. இவர் திருடவே இல்லை. இவர் குணம் ஊருக்கே தெரியும்."

"சும்மா இருங்க சார்! எங்க குடும்பத்தைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? நாங்க திருட்டுக் கும்பல்!"னு நான் எழுந்து கத்தினேன். பின்னாடி பெஞ்சுல இருந்து, "ஆமா, நாங்க பார்த்தோம்! பட்டப்பகல்ல திருடினாங்க!"ன்னு தெருவே சாட்சி சொல்லுச்சு. ஐடியா எழுந்து, "திட்டம் போட்டது நான் சார், என் பேரையும் சேர்த்துக்குங்க"ன்னு கையைத் தூக்கினான். அவன் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையில சேரத் துடிச்சது அன்னைக்குத்தான்.

அதிகாரி குழம்பிட்டாரு. "புகார் குடுத்தவர் இல்லைங்கிறாரு, குற்றவாளி ஆமாங்கிறாரு. ஏம்மா, செம்பு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

நான் கேன்ல, தொட்டிங்களுக்கு மேல பிடிச்ச நீலத் தண்ணி கொண்டுபோயிருந்தேன். கண்ணாடி டம்ளர்ல ஊத்தினேன். என் வீட்டுக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச ஒரு இரும்புக் கம்பியை உள்ள வெச்சாரு. அதிகாரி எல்லாருக்கும் டீ சொன்னாரு. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கம்பியோட அடிப்பாதி சிவந்துடுச்சு. 

அதிகாரி கம்பெனி லேப்காரரைக் கூப்பிட்டாரு. படிச்ச பையன், எல்லாம் தெரிஞ்சவன், வாராவாரம் எங்க தண்ணியைப் பாட்டில்ல எடுக்கிறவன். "இது என்ன?"

"நிறம் சார்."

"நிறம் எனக்கும் தெரியுது. என்ன பொருள்?"

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கூரையைப் பார்த்தாரு. "சிவப்பா இருக்கிற... ஒரு பொருள் சார்."

"துருவா இருக்கலாம்"னு வக்கீல் இழுத்தாரு.

என் வீட்டுக்காரருக்கு அப்பதான் கோவம் வந்துச்சு. "துருவைப் பத்தி என்கிட்டயா பேசுறீங்க? நான் காலையில எழுந்ததுல இருந்து துரு மூஞ்சியிலதான் முழிக்கிறேன். இது செம்பு. நான் திருடின செம்பு!" மேஜையைத் தட்டினாரு. ஹால் முழுக்கக் கைதட்டல். திருட்டை ஒத்துக்கிட்டதுக்கு இப்படி ஒரு கைதட்டல் வாங்கின ஆளு இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

அதிகாரியும் வக்கீலும் உள்ளறைக்குப் போனாங்க. கம்பெனி மேனேஜரும் பின்னாடியே போனாரு. வெளிய வரும்போது வக்கீல் முகத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே உள்ள ஏதோ பேசி முடிச்சுட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

அதிகாரி மூக்கைத் துடைச்சுட்டு வாசிச்சாரு. "எதிர்மனுதாரர் வாய்க்கால் நீரில் இருந்த செம்பைத் திருடியது, அவருடைய வாக்குமூலத்தாலும் அவர் மனைவியின் வாக்குமூலத்தாலும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது."

தெரு எழுந்து விசில் அடிச்சுச்சு. நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். குழாய் வந்தாச்சு, மக வந்தாச்சு!

"உட்காருங்க, இன்னும் இருக்கு. எதிர்மனுதாரர் மிகவும் திறமையாகத் திருடியிருக்கிறார். தொட்டிகளுக்குக் கீழே நேற்று எடுத்த நீரில் செம்பு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் உள்ளது. ஆகவே, செம்பு இருந்தது. திருடு போனது. இப்போது இல்லை. இல்லாத செம்புக்காகக் குழாய் போட அவசியமில்லை."

வெச்சாங்க பாருங்க ஆப்பு.

"துரு இருக்கே சார்! தண்ணி இப்ப காவி நிறத்துல ஓடுதே, அதைக் குடிக்க முடியுமா?"ன்னு கத்தினேன்.

"உங்கள் மனு செம்பைப் பற்றியது. துருவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மேலும், அந்த இரும்பு உங்களுடையது. கம்பெனி நீரில் உங்கள் இரும்பைக் கலந்ததற்கு அவர்கள் தனியாகப் புகார் கொடுக்கலாம். பெருந்தன்மையால் கொடுக்கவில்லை."

ஜெயில் கிடையாதாம். அதுவும் பெருந்தன்மை. பட்டறையை மூட வேணாமாம், இரும்புத் துண்டு வேற எங்க இருந்து வரும்? தண்டனை இதுதான்: என் வீட்டுக்காரர் தொட்டி வேலையை விடாம செய்யணும், எடுக்கிற செம்பைக் கம்பெனியில ஒப்படைக்கணும், இரும்பு அவர் செலவு. செம்பு அளவு கூடினா அவர் கடமை தவறினதா அர்த்தம், அப்ப ஜெயில். வக்கீல் போகும்போது என் வீட்டுக்காரருக்குக் கை குடுத்தாரு. "உங்க மாதிரி தொழில் தெரிஞ்ச ஆளு கிடைக்கிறது கஷ்டம்"னாரு. பாராட்டிட்டு வேற போறான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டலை, மக போன். "என்னம்மா ஆச்சு? ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம். உங்கப்பா திருடன்தான்னு ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப குழாய்?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.  அப்புறம், "சரிம்மா. நான் இங்கேயே பார்த்துக்கிறேன். அத்தை நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க"ன்னா. என்னைத் தேத்துறா. வயித்துப் பிள்ளைக்காரி என்னைத் தேத்துறா. போனை வெச்சுட்டு சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

நேரா பட்டறைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தேன். வாய்க்காலுக்குப் போனேன். அவரு தொட்டி பக்கத்துல குந்தி உக்காந்து கம்பியால கிளறிக்கிட்டு இருந்தாரு.

"எழுந்திரிங்க. எல்லாத்தையும் உடைக்கப் போறேன். செம்பு பழையபடி ஓடட்டும். அடுத்த சோதனையில நீலமா நிக்கட்டும். அப்ப என்ன சொல்றானுங்கன்னு பார்க்கிறேன்."

அவரு எழுந்திரிக்கலை. "உடைச்சா செம்பு ஓடும், நிஜம்தான். ஆனா அவனுங்க இன்னொரு மனு, இன்னொரு விசாரணைன்னு இழுத்துக்கிட்டே இருப்பானுங்க. அதுவரைக்கும் தெருவுல இருக்கிற பிள்ளைங்க மறுபடி அந்தச் செம்பையா குடிக்கும்? நம்ம பொண்ணு மாமியார் வீட்டுல பத்திரமா இருக்கா. மத்தவங்க பொண்ணுங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க"ன்னாரு.

கடப்பாரையைத் தூக்கினபடியே நின்னேன். கை வலிக்கிற வரைக்கும் நின்னேன். உலகத்துல இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாத்தையும் கம்பெனியைச் சொல்லித் திட்டினேன், அவரையும் சேர்த்துத் திட்டினேன். அப்புறம் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு இன்னொரு கம்பியை எடுத்து மறுபக்கம் உக்காந்தேன்.

பேத்தி பொறந்து, தவழ ஆரம்பிச்சுட்டா. போன்லதான் பார்க்கிறேன். கம்பெனி இன்னும் வாராவாரம் தண்ணியைப் பாட்டில்ல எடுத்துட்டுப் போய் சோதிச்சு, செம்பு இல்லைன்னு பதில் அனுப்புது. இப்ப அது நிஜம். அவங்க சொன்ன பொய்யை நாங்க ரெண்டு பேரும் தினமும் குந்தி உக்காந்து உண்மையாக்கிக்கிட்டு இருக்கோம், சம்பளம் இல்லாம.